முக்கால் ரூபாயும் மூவாயிரம் பவுண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இலக்கியப் பக்கத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறேன். அதில் வெளியாகும் நூல் மதிப்புரைகளில் "வறுமையின் பின்னணியில் சொல்லப்பட்ட கதை" என்றும் "ஏழ்மையின் வலியைப் பேசும் நாவல்" என்றும் சில தொடர்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் மறுப்பைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பணத்தைக் கதையின் பின்னணி என்று சொல்லி ஒதுக்குவது சரியன்று என்பது என் கருத்து. ஒரு பெண் யாரை மணக்கிறாள், ஒரு நோயாளி எந்த ஊரில் சாகிறார், ஒரு குழந்தை பள்ளிக்குப் போகிறதா அல்லது அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்கப் போகிறதா என்பதையெல்லாம் அவரவர் கையிருப்பும் கடனும் கூலி நாளும் தீர்மானிக்கின்றன. நல்ல எழுத்தாளர்கள் இதை அறிந்து, கணக்குப் பிசகாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கும் நாம்தான் அந்தக் கணக்கைப் பாராமல் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

இதை எழுதத் தூண்டியது என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, விடுமுறைக்கு வந்திருந்தபோது புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சிறுகதையைப் படித்துவிட்டு, "முக்கால் ரூபாய்க்காகவா பாட்டி?" என்று கேட்டாள். 1934இல் 'மணிக்கொடி' இதழில் வெளிவந்த அந்தக் கதையில் அம்மாளு மில்லில் வேலை செய்பவள். அவள் கணவன் முருகேசன் குதிரை வண்டி ஓட்டுபவன். வண்டி விபத்துக்குள்ளாகி, அடிபட்டுக் கிடக்கும் முருகேசன் பால்கஞ்சி வேண்டும் என்கிறான். வெகுநாளாக அவள்மேல் கண்வைத்திருந்த ஒருவனோடு அம்மாளு இருட்டில் சந்துக்குள் மறைகிறாள். முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள். கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்து ஆசிரியர் எறியும் கடைசி வரிகளைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் என் பேத்தியின் மனத்தில் முக்கால் ரூபாய் என்பது 75 காசாக மட்டுமே விழுந்திருக்கிறது. 25 காசு நாணயமே 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்ட காலத்தில் வளர்ந்தவள் அவள். அவளைக் குறை சொல்ல இடமில்லை. 16 அணா சேர்ந்தால் ஒரு ரூபாய், ஆகவே முக்கால் ரூபாய் என்பது 12 அணா, 1957இல்தான் நயா பைசா வந்தது என்று விளக்கிய பிறகே அந்தத் தொகை அவள் கண்ணுக்கு ஒரு தொகையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தக் கதையை மறுபடியும் படித்தோம். அப்போது இத்தனை ஆண்டுகளாக நானே கவனிக்கத் தவறிய ஒன்று புலப்பட்டது. அம்மாளு வருமானமே இல்லாதவள் அல்லள். அந்த வீட்டில் சம்பாதிப்பவர்கள் இருவர். கணவனுக்கு வண்டி இருக்கிறது, மனைவிக்கு மில் வேலை இருக்கிறது. ஆனால் வண்டி நொறுங்கிய அன்று மில்லில் இன்னும் கூலி போடவில்லை. கதை முழுவதும் இந்த ஒரு இடுக்கில்தான் நிற்கிறது. கூலி நாள் முந்தி வந்திருந்தாலோ, விபத்து பிந்தி நடந்திருந்தாலோ, அண்டை வீட்டில் கைமாற்றாகப் 12 அணா கிடைத்திருந்தாலோ அம்மாளு அந்தச் சந்துக்குப் போயிருக்க மாட்டாள். இதை "வறுமை" என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டால், புதுமைப்பித்தன் எத்தனை நுட்பமாகத் தேதி பார்த்துக் கதையை அமைத்திருக்கிறார் என்பது மறைந்துபோகிறது. கற்பைப் பற்றிய விவாதத்தில் எவ்வளவோ மை செலவாகியிருக்கிறது. கூலி போடாத அந்த நாளைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை.

நான் இப்படிப் படிப்பதற்கு என் தொழிலும் ஒரு காரணம். 29 ஆண்டுகள் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தேன். அவற்றில் பெரும்பகுதி நகைக்கடன் பிரிவில் கழிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கண்டுகொண்டேன். நகையோடு வருபவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவதில்லை. வசதியுள்ள வியாபாரியோ விவசாயியோ முதலில் வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்பார். வேறு வங்கியில் எவ்வளவு என்று ஒப்பிட்டுவிட்டு, நாளை வருவதாகச் சொல்லிக் கிளம்பியும் விடுவார். தாலிக்கொடியில் கோத்திருந்த குண்டுமணிகளையும் காசையும் மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்து கொண்டுவரும் பெண்மணி வட்டியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "பணம் இன்னைக்கே கெடைச்சிடுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மதிப்பீட்டாளர் வர மதியம் ஆகும் என்றால் அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்ட நாட்கள் பல. பணமுள்ளவருக்குப் பொறுத்திருக்க முடிகிறது, இல்லாதவருக்கு இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது என்ற இந்த வேறுபாட்டை வங்கியில் கற்றுக்கொண்ட பிறகு, நான் படித்த கதைகள் எல்லாவற்றிலும் அது கண்ணில் பட்டது.

இதற்கு மிகத் துல்லியமான சான்று ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் உள்ளது. அவருடைய நாவல்களைக் காதல் கதைகள் என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடுவதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை. தந்தை சாகும் தறுவாயில் தன் இரண்டாம் மனைவியையும் அவள் பெற்ற மூன்று மகள்களையும் பார்த்துக்கொள்ளும்படி மூத்த தாரத்து மகன் ஜானிடம் கேட்டுக்கொள்கிறார். அவனும் வாக்குக் கொடுக்கிறான். தங்கைகளுக்கு ஆளுக்கு 1,000 என்று 3,000 பவுண்டு கொடுப்பதாக மனத்துக்குள் முடிவு செய்கிறான். அதன் பிறகு மனைவி பேசத் தொடங்குகிறாள். 3,000 என்பது ஆளுக்கு 500 வீதம் 1,500 ஆகிறது. பிறகு மொத்தத் தொகை எதற்கு, சிற்றன்னை உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 100 கொடுத்தால் போதாதா என்றாகிறது. ஆண்டுதோறும் பணம் வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் சாகவே மாட்டார்கள் என்று அவள் சொன்னதும் அதுவும் கைவிடப்படுகிறது. எப்போதாவது 50 பவுண்டு கொடுக்கலாம் என்பது அடுத்த படி. முடிவில் வீடு மாற்றிக் குடிபோகும்போது சாமான்களை ஏற்றிவிட உதவுவதும், பருவத்தில் மீனோ வேட்டை இறைச்சியோ அனுப்பிவைப்பதும் தந்தைக்குக் கொடுத்த வாக்குக்குப் போதுமானவை என்று இருவரும் மனநிறைவோடு முடிவு செய்கிறார்கள். அதோடும் நில்லாமல், அந்த விதவை தன்னோடு எடுத்துச்செல்லும் பீங்கான் தட்டுகள் நம்முடையவற்றைவிட அழகாக இருக்கின்றனவே என்று மருமகள் பொருமுகிறாள்.

இங்கே எண்களைக் கவனிக்க வேண்டும். தந்தை இறந்ததால் ஜானுக்குப் புதிதாகச் சேரும் வருமானம் ஆண்டுக்கு 4,000 பவுண்டு. அதாவது அவன் கொடுக்க நினைத்து, கொடுக்காமல் விட்ட முழுத்தொகையும் அந்தப் புது வருமானத்தில் ஓராண்டுப் பங்குகூட இல்லை. மறுபுறம் வெளியேறும் நான்கு பெண்களுக்கும் சேர்த்து இருக்கும் 10,000 பவுண்டிலிருந்து ஆண்டுக்கு 500 பவுண்டு கிடைக்கும். அதாவது 5 சதவீதம். நான்கு பெண்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டியிருக்கிறது, வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை, வேலைக்காரர்களும் அதிகம் இல்லையே என்று மருமகள் வாதாடுகிறாள். அவர்களிடம் வண்டியும் குதிரையும் இல்லாமல் போனதற்குத் தாங்கள்தாம் காரணம் என்ற நினைவே அவளுக்கு வருவதில்லை. இந்த அத்தியாயம் முடிந்த பிறகு அந்தத் தங்கைகளின் வாழ்வில் வரும் காதல், ஏமாற்றம், திருமணம் எல்லாமே இங்கே கழிக்கப்பட்ட தொகையின் விளைவுகள். அந்த நாவலை ஒட்டித் தமிழில் 2000ஆம் ஆண்டு 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்ற திரைப்படம் வந்தபோது, பாட்டனாரின் உயிலால் வீடு கைவிட்டுப்போய், தாயும் மகள்களும் சென்னைக்கு வந்து வேலைக்கு அலைவதாகக் கதை அமைந்திருந்தது. அந்தப் படத்தின் பாடல்களை நாம் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அந்த உயிலை நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆங்கிலேய நிலக்கிழார் வீட்டில் ஆயிரங்களாக வரும் இதே கணக்கு நம் எழுத்தாளர்களின் கையில் துண்டும் புடவையுமாக வருகிறது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக் கடையில் சிப்பந்தி. திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்தவர். கதையின் முதல் வாக்கியத்திலேயே நோயாளி மனைவியின் மூச்சு ஒடுங்கிவிடுகிறது. பக்கத்தில் சுற்றமும் இல்லை, உறவும் இல்லை. நாள் முழுதும் பிறர் வீட்டுத் தீபாவளிக்குத் துணி எடுத்துப்போடும் ஒருவர், தம் மனைவியின் வைத்தியத்தையும் ஊருக்குப் போய்வரும் ஆசையையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். இதைக் கணவன் மனைவி அன்பைச் சொல்லும் கதை என்று பாராட்டுகிறோம். அன்பு இருப்பது உண்மைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அன்பு தன்னைக் காட்டிக்கொள்ளக் கஷாயமும் வெந்நீரும் தவிர வேறு வழியற்றுப்போனது சம்பளத்தால்தான். பிரமநாயகம் பிள்ளையின் பொறுமையை இயல்பான குணமாக எடுத்துக்கொள்ளும் வாசகர், அந்தப் பொறுமை எப்படி வந்தது என்று கேட்பதே இல்லை. முதலாளியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவருக்கு வாழ்க்கையிடமும் அப்படியே நிற்கப் பழகிவிடுகிறது. என் கவுண்டரின் எதிரே அப்படி நின்ற ஆண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் குழந்தைகளே வர்க்கக் கணக்குப் பார்க்கிறார்கள். பணக்கார வீட்டுப் பையன் தன்னிடம் சில்க் சட்டை இருப்பதாகப் பெருமையடித்துக்கொள்ளும்போது, அது சீக்கிரம் கிழிந்துவிடும், தங்கள் சட்டைதான் வெகுநாள் உழைக்கும் என்று ஏழை வீட்டுப் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். குழந்தையின் வாயில் வரும் இந்த வாதம் அந்த வீட்டில் துணி வாங்கும்போதெல்லாம் பெரியவர்கள் பேசும் வாதம். தீபாவளிக்கு முந்தைய இரவில் அநாதைச் சிறுவன் ஒருவன் வந்துசேர, தாய் அவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். கணவனுக்கென்று வாங்கிவைத்திருந்த துண்டு அந்தச் சிறுவனுக்குப் போகிறது. இந்தக் கதையைக் கருணையின் கதை என்று சொல்லும் எல்லாரும் அந்த வீட்டில் எத்தனை துண்டு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு துண்டு இருந்த வீட்டில் ஒன்றைக் கொடுப்பதும், கணவனுக்கு வாங்கிய துண்டையே எடுத்துக் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. அழகிரிசாமி அந்த எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லியிருப்பதால்தான் தாயின் செயலுக்கு அத்தனை கனம்.

நம் நாட்டுக் கதைகளைப் பணத்தை மட்டும் வைத்துப் படித்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படித்தபோது என் கணக்குப் புத்தகமே பயனற்றுப்போனது. அதன் நாயகி ஆரோக்கியம், ஒடுக்கப்பட்ட மக்களின் காலனிக்கே துணி வெளுக்கும் சாதியில் பிறந்தவள். அவள் உழைப்புக்குச் சம்பளம் என்ற பெயர் கிடையாது. கூலி நாள் கிடையாது. எழுதிவைத்த தொகை கிடையாது. வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும், களத்தில் கிடைக்கும் தானியமும்தான் வரும்படி. அதையும் உரிமையாகக் கேட்க முடியாது. "சாமி" என்று கெஞ்சித்தான் பெற வேண்டும். அம்மாளுவுக்குக் கூலி போடாத நாள் ஒன்று இருந்தது என்றால், கூலி போட்டே தீர வேண்டிய நாளும் ஒன்று இருந்தது. ஆரோக்கியத்துக்கு அந்த நாளே இல்லை. ஊருக்குள் துணி வெளுக்கவும் தைக்கவும் வேறு வழிகள் வர வர, அவளுக்குச் சோறு போட்ட கைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. வேலை போனதற்கு நட்ட ஈடு கேட்கவும் அவளுக்கு ஓர் இடமில்லை. சாதி ஒருவரைப் பணப் புழக்கத்துக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கும்போது வர்க்கம் என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இந்த நாவலை ஏழ்மையைப் பற்றிய நாவல் என்று ஒரு வரியில் அறிமுகப்படுத்துவது பெரும் பிழை என்பேன்.

இப்படிப் படிப்பது இலக்கியத்தைச் சிட்டை நோட்டாக்கிவிடும் என்று என்னோடு வேலை பார்த்த, நிறையப் படித்த நண்பர் ஒருவர் சொல்வதுண்டு. மனித மனத்தின் ஆழத்தைக் காட்டும் கதையில் போய் வரவுசெலவு தேடலாமா என்பது அவர் கேள்வி. அவருக்கு நான் எப்போதும் தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைத்தான் பதிலாகச் சொல்வேன். ரயிலில் தந்தையோடு போகும் சிறுவன் ஒருவன், கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்காக அழைத்துச்செல்லப்படும் ஒரு சிறுமியைச் சந்திக்கிறான். இறங்கும்போது, அதுவரை உரிக்காமல் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறான். தமிழில் இதைவிட நெஞ்சை உருக்கும் காட்சிகள் அதிகமில்லை. ஆனால் அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது? பழத்தை உடனே தின்னாமல் வைத்துக்கொள்ள முடிகிற பையன் அவன். பசியில்லாத வீட்டில் வளர்பவன். அந்தச் சிறுமியோ, ஊரையும் தாயையும் விட்டு எத்தனை ஆண்டுகளுக்குப் போகிறாள் என்று தெரியாமலே பெரிய மனுஷி போல அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு குழந்தைக்குப் பழம், இன்னொரு குழந்தைக்கு வேலை. இந்த வேறுபாட்டை முதலில் பார்த்தால்தான் அந்தப் பழம் கைமாறுவது எவ்வளவு பெரிய செயல் என்பது தெரியும். கணக்கைப் பார்த்ததால் இந்தக் கதை எனக்குக் குறைந்துவிடவில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கண் கலங்குகிறது.

ஆகவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். தங்கள் மதிப்புரையாளர்கள் ஒரு நாவலை அறிமுகப்படுத்தும்போது, அதில் வரும் மனிதர்கள் எதைக்கொண்டு பிழைக்கிறார்கள் என்பதைத் தவறாமல் சொல்லச் செய்யுங்கள். மாதச் சம்பளமா, தினக்கூலியா, குத்தகையா, முன்பணம் வாங்கிய வேலையா, யாருக்கு எவ்வளவு கடன் என்பவை கதையில் சொல்லப்பட்டிருந்தால் அவை மதிப்புரையிலும் இடம்பெற வேண்டும். மகளிர் குழுக் கடன், வாரத் தவணை, ஏலச்சீட்டு, கல்விக் கடன் ஆகியவை இன்று எழுதப்படும் கதைகளில் வரும்போது அவற்றை வெறும் சூழல் விவரங்களாகக் கருதி விட்டுவிட வேண்டாம். ஒரு தவணை தவறிய திங்கட்கிழமை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது என்னைப் போன்ற வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மற்றொன்று, பழைய சிறுகதைகளைத் தங்கள் மாணவர் பக்கத்தில் மறுபிரசுரம் செய்யும்போது, அணா, தம்பிடி, சல்லி, மரக்கால், கோட்டை போன்ற அளவுகளுக்குக் கதையின் அடியில் ஓரிரு வரி விளக்கம் சேருங்கள். கல்லூரிகளுக்குச் சிறுகதைத் தொகுப்புகளை அச்சிடும் பதிப்பாளர்களுக்கும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாகவே வைக்க விரும்புகிறேன். அருஞ்சொற்பொருள் என்று கடினமான வடசொற்களுக்கு விளக்கம் தருபவர்கள், முக்கால் ரூபாய்க்கு விளக்கம் தேவை என்று நினைக்காததால்தான் என் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது. அடுத்த பதிப்பிலேனும் "12 அணா" என்ற இரண்டு சொற்களையாவது அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம்